பழைய என்டூரோ படகு மோட்டாருக்கு உதிரிபாகம்: எதற்கு அசல் விலை கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

இணையத்தில் விற்கும் 'யமஹா 15 குதிரைத்திறன் முழு நீர்ப்பம்பு கிட்' என்ற பெட்டிக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் ஏராளம். நான் இரண்டு கொடுக்கிறேன். ஒன்று, உள்ளே இருந்த காகித கேஸ்கட்டுகளுக்கு. இன்னொன்று, சொன்ன தேதிக்கு வீடு வந்து சேர்ந்ததற்கு. ரப்பருக்கு ஒன்றும் கிடையாது.

படகின் பின்புறம் மாட்டும் பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்கள் எங்கள் மொரீஷியஸ் மாஹேபூரில் மட்டும் இல்லை. ராமேஸ்வரத்திலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். அசல் வாங்குவதா, நகல் வாங்குவதா என்பதுதான் எல்லோரும் கேட்பது. பாகத்துக்குப் பாகம் பதில் மாறும். ஆனால் எது தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முன் எதையுமே வாங்கக் கூடாது என்பதில் மாற்றமில்லை. அந்தக் கண்டுபிடிக்கும் வேலையிலிருந்து நம்மைத் தப்பிக்க வைப்பதாகச் சொல்லித்தான் 'முழு கிட்' விற்கப்படுகிறது. தேவையில்லாத நான்கு பாகங்களைத் தலையில் கட்டிவிட்டு, தேவையான ஐந்தாவதைத் தராமல் விடுவது அதன் வழக்கம்.

என்னுடையது யமஹா என்டூரோ 15. இரண்டு சிலிண்டர், 246 சிசி, கயிறு இழுத்துக் கிளப்புவது, பெட்ரோலில் 50-க்கு 1 என்று எண்ணெய் கலந்து ஊற்றுவது. புகைக் கட்டுப்பாடுகளால் இந்த வகை மோட்டார்கள் அமெரிக்கக் கடைகளிலிருந்தும் ஐரோப்பியக் கடைகளிலிருந்தும் மறைந்துவிட்டன. மீன்பிடித் தொழிலை நம்பியிருக்கும் மற்ற நாடுகளுக்கு யமஹா இவற்றைத் தொடர்ந்து செய்து அனுப்பியது. ஆகையால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. அசலுக்குத் தேவை இருக்கும் இடத்தில் நகலும் செழிக்கத்தானே செய்யும்.

நான் படகு மெக்கானிக் அல்ல. 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்த பிறகு மொரீஷியஸ் முழுவதும் முளைத்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் ஒன்றில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்த்தே ஓய்வு பெற்றவன். எனவே கடலைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதற்கு என் மனைவியின் தம்பி இருக்கிறார். பிரோக் படகும் வலையும் அவருடையவை, மோட்டார் என்னுடையது. தேய்மானத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தேய்ந்த கொக்கி எப்படி ஒரு நாள் உற்பத்தியையே கெடுக்கும் என்று பார்த்துப் பார்த்து, கண்ணைவிட விரல் நகத்தை அதிகம் நம்பப் பழகியிருக்கிறேன்.

இந்த மோட்டார் உழைத்துத் தேய்ந்தது பாதி, சும்மா கிடந்து கெட்டது மீதி. 2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ என்ற சரக்குக் கப்பல் புவான்ட் தெஸ்னிக்கு எதிரே பவளப்பாறையில் ஏறியதும், ஆகஸ்ட் 6 முதல் அதன் எண்ணெய் எங்கள் லகூனுக்குள், பாறைக்கும் கரைக்கும் நடுவே உள்ள கடலுக்குள், கசிந்ததும் உலகம் அறிந்த செய்தி. அதைத் தொடர்ந்து தென்கிழக்குக் கரையில் மீன்பிடிக்கத் தடை வந்தது. படகுகள் மணலில் ஏறின. என்டூரோ கொட்டகையில் மரச் சட்டத்தில் தொங்கியது. ஓடாத மோட்டார் தேயாது என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏற்றும் நீர்ப்பம்புக்கு அது பொருந்தாது. இம்பெல்லர் என்னும் அந்த ரப்பர்ச் சக்கரம், இங்கே எல்லோரும் 'துர்பின்' என்றே கேட்டு வாங்குவது, தன் கிண்ணத்தின் நடுவில் உட்காராமல் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்காரும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால் ஒரு பக்கத்து இறகுகள் எப்போதும் மடங்கியே இருக்கும். சுற்றும்போது எல்லா இறகுகளும் முறைவைத்து மடங்கி நிமிரும். சுற்றாமல் கிடந்தால் மடங்கிய இறகுகள் அப்படியே இறுகிவிடும். மறுபடி கிளப்பும்போது அவை நிமிராது, கிண்ணத்தின் சுவரைத் தொடாது, தண்ணீர் ஏறாது.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது அழுத்தச் சோதனை. இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, அவற்றின் ஒயர்களை எஞ்சின் உடம்போடு எர்த் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் சிடிஐ பெட்டிக்கு ஆபத்து. பிறகு ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து வைத்து, அளவுமானியை ஒவ்வொரு துளையிலும் மாற்றி மாற்றித் திருகிக் கயிற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட இரண்டு சிலிண்டருக்கும் இடையே உள்ள வித்தியாசம் முக்கியம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் மேலே படிக்கலாம். ஒன்று நன்றாகவும் மற்றொன்று பாதாளத்திலும் இருந்தால், பிஸ்டன் வளையமோ சிலிண்டர் சுவரோ போயிருக்கிறது. அந்த நிலையில், பம்பும் கியரும் இருக்கும் கீழ்ப்பகுதிக்கு அசல் ரப்பர் வாங்கிப் போடுவது பணத்தைக் கடலில் போடுவதுதான். எனக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. அந்த அளவுமானி எங்கோ செய்த மலிவுப் பொருள்தான். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் என்பதால் அது போதும், நான்கு நட்சத்திரம்.

அடுத்தது தண்ணீர். எஞ்சினின் பின்புறம் ஒரு சிறு துளையிலிருந்து பீய்ச்சி அடிக்கும் தாரை, இங்கே 'பிசெத்' என்பது, எனக்கு நூல்போல மெலிந்திருந்தது. இந்த இடத்தில்தான் கிட் விற்பவர்கள் காத்திருக்கிறார்கள். ஆனால் தாரை மெலிந்தால் பம்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை. முதலில் ஒரு மெல்லிய நைலான் இழையை அந்தத் துளைக்குள் விட்டுப் பாருங்கள். உப்பு கட்டியிருக்கலாம், நின்ற மோட்டார் என்றால் குளவி மண் வைத்து அடைத்திருக்கலாம். பிறகு தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீர் விடும் வால்வு. அதைக் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடுப்பில் வைத்து, வெப்பமானியோடு பாருங்கள். இந்த வகை டூ-ஸ்ட்ரோக்கில் ஐம்பது டிகிரியைச் சுற்றித் திறக்கத் தொடங்க வேண்டும். என்னுடையது சரியாகத் திறந்தது. ஆகவே தெர்மோஸ்டாட் வாங்கவில்லை; நான் பார்த்த வேறொரு கிட்டில் அதுவும் இருந்தது. இரண்டும் சரியாக இருந்த பிறகே கீழ்ப்பகுதியைக் கழற்றினேன்.

கழற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அலுமினியத்தில் திருகிய துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள் உப்புத் தண்ணீரில் ஒட்டிக்கொள்ளும். ஊடுருவும் எண்ணெயை முதல் நாள் மாலையே ஊற்றிவிட்டு, மறுநாள் சூடு காட்டி, முதலில் கொஞ்சம் இறுக்கி அதன் பிறகு தளர்த்த வேண்டும். கியர் மாற்றும் கம்பியின் இணைப்பை மறந்துவிட்டு இழுப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கரையிலேயே அப்படி வளைந்த கம்பி ஒன்று இருக்கிறது.

இப்போது அந்த இரு நட்சத்திரப் பெட்டிக்கு வருகிறேன். அதற்குள் இம்பெல்லர், அடித்தட்டு, கேஸ்கட்டுகள், இம்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் சிறு சாவி, சில ஓ-வளையங்கள். என்னுடைய பம்பில் தேய்ந்திருந்தவை இரண்டு: இம்பெல்லர், அதைச் சுற்றி இருக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கிண்ணம். எங்கள் லகூனின் மணல் பவளம் உடைந்து உண்டான மணல். ஆழம் குறைந்த இடத்தில் மோட்டாரைத் தூக்காமல் ஓட்டினால் அந்த மணல் பம்புக்குள் போய்க் கிண்ணத்தின் உட்சுவரில் கோடு கோடாக அறுத்துவிடும். நகத்தை வைத்து இழுத்தேன், தடுக்கியது. தடுக்கினால் மாற்ற வேண்டும். புது ரப்பரை அந்தச் சுவரில் ஓடவிட்டால் ஒரு பருவத்தில் அதுவும் தேய்ந்துவிடும். ஆனால் 'முழு' கிட்டில் கிண்ணம் இல்லை. நன்றாக இருந்த அடித்தட்டுக்கு மாற்று இருந்தது. கெட்டுப்போன கிண்ணத்துக்கு மாற்று இல்லை.

நகல் இம்பெல்லரைப் பழையதோடும், பின்னால் வாங்கிய அசலோடும் அருகருகே வைத்துப் பார்த்தேன். வெர்னியர் அளவுகோலில் வெளிவிட்டம் ஒன்றுதான்; நகல் செய்தவர் அளவில் திருடவில்லை. வித்தியாசம் ரப்பரில் இருந்தது. அசலின் இறகை மடக்கிப் பிடித்துவிட்டு விட்டால் சட்டென்று திரும்பியது. நகலின் இறகு யோசித்துத் திரும்பியது. இரண்டையும் கிண்ணத்துக்குள் மடக்கி வைத்து, வெயிலில் சூடாகும் கொட்டகையில் ஒரு வாரம் விட்டுவிட்டு எடுத்தபோது நகல் வளைந்தே நின்றது. நடுவில் இருக்கும் பித்தளை புஷ்ஷையும் பாருங்கள். ரப்பர் அதன்மேல் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. நகலில் அந்த விளிம்பில் ஊசி முனை நுழையும் இடைவெளி இருந்தது. அந்த ஒட்டு விட்டுப்போனால் தண்டு சுற்றும், இறகு சுற்றாது. எஞ்சின் கொதித்துப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எஞ்சினின் உயிரைக் கையில் வைத்திருக்கும் இந்தச் சிறு ரப்பருக்கு அசல் விலை கொடுத்தேன். நகலைப் போல மூன்று மடங்கு, முணுமுணுக்காமல் கொடுத்தேன்.

அசலுக்கும் ஓர் எச்சரிக்கை. ரப்பர் அலமாரியிலும் கிழடாகும். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் தொங்கும் அசலைவிட, இருட்டு டிராயரிலிருந்து எடுத்துத் தரும் அசல் மேல். பையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். இறகின் அடியில் மயிரிழை வெடிப்பு இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பிரிக்க விடமாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம்.

பாக எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கேதான் போர்ட் லூயிஸில் ஒரு கடைக்காரரோடு எனக்கு வாக்குவாதம். யமஹா பாக எண்ணில் முதல் மூன்று குறிகள் அந்தப் பாகம் எந்த மாடலுக்காக முதலில் செய்யப்பட்டது என்பதைக் காட்டும். நடுவில் இருக்கும் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். கடைசியில் வருவது திருத்த எண். 44352 என்றால் எந்த யமஹாவிலும் இம்பெல்லர்தான். 12411 என்றால் தெர்மோஸ்டாட். அந்தக் கடைக்காரர் 44352 என்பதை மட்டும் பார்த்துவிட்டு வேறு மாடலின் இம்பெல்லரை எடுத்து வைத்தார்.

"நடு எண் பொருந்துகிறதே, மிசியே," என்றார்.

"நடு எண் இது இம்பெல்லர் என்று சொல்கிறது. என் மோட்டாரின் இம்பெல்லர் என்று சொல்லவில்லையே," என்று பழையதை அதன்மேல் வைத்துக் காட்டினேன். ஒரு விரல் அகலம் வித்தியாசம். அவர் சிரிக்கவில்லை. 'கிட்டாக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை' என்று ஆலோசனை வேறு. அந்தக் கடைக்கு நான் நட்சத்திரமே கொடுக்கப்போவதில்லை. நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் பழைய பாகத்தையும், படகில் மாட்டும் தாங்கியில் ஒட்டியிருக்கும் தகட்டின் புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். மாடல் குறியீடு அந்தத் தகட்டில் இருக்கிறது.

பொருத்தும்போது ஒன்று. இம்பெல்லரின்மேல் கிண்ணத்தை இறக்கும்போது தண்டை மேலிருந்து பார்க்கக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பிக்கொண்டே இறக்குங்கள். இறகுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து உட்காரும். உள்ளே சோப்புத் தண்ணீரோ கிளிசரினோ தடவலாம். பெட்ரோலியத்தில் செய்த கிரீஸை ரப்பரில் தடவ வேண்டாம். தண்டின் பற்களுக்கு கிரீஸ் வேண்டும். ஆனால் தண்டின் உச்சந்தலையில் அப்பிவிடக் கூடாது, அது மேலே அடைத்துக்கொண்டு கீழ்ப்பகுதியை முழுதாக உட்கார விடாது.

பம்பு முடிந்தது என்று நினைத்திருந்தபோது மைத்துனர் கியர் எண்ணெயை வடித்தார்.

"அத்தான், இது ஏன் பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் வருகிறது?"

அந்த நிறம் தண்ணீர் புகுந்ததன் அடையாளம். கறுத்து வந்தால் வெறும் பழைய எண்ணெய், மாற்றினால் போதும். வடிகால் திருகின் காந்தத்தில் சேறுபோன்ற மெல்லிய துகள் இருப்பது இயல்பு. ஊசி ஊசியாக மின்னும் துண்டுகள் இருந்தால் கியரோ பேரிங்கோ உடைகிறது. எங்களுக்குத் துண்டுகள் இல்லை, தண்ணீர் மட்டும். படகைத் தள்ளும் விசிறியைக் கழற்றினோம். தண்டைச் சுற்றி நைலான் தூண்டில் நரம்பு இறுகிக் கிடந்தது. அது சுற்றிச் சுற்றி, எண்ணெய் வெளியேறாமலும் தண்ணீர் புகாமலும் தடுக்கும் ஆயில் சீலின் உதட்டை அறுத்திருக்கிறது. மீன்பிடிக்கும் படகில் இந்தச் சீல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த நரம்புதான் என்பது என் கணிப்பு. விசிறியை அடிக்கடி கழற்றிப் பார்த்தால் காசில்லாமல் தடுக்கலாம்.

சீலுக்கு நான் படகுக் கடைக்குப் போகவே இல்லை. பிளேன் லோசான் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் பேரிங்கும் சீலும் விற்கும் ஒரு கடை இருக்கிறது. தையல் இயந்திரக் காலத்திலிருந்தே பழக்கம். சீல் என்பது மூன்று அளவுகள்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். மூன்றும் அதன் முகத்திலேயே அச்சடிக்கப்பட்டிருக்கும். அழிந்திருந்தால் வெர்னியரில் எடுக்கலாம். எண்ணெய்க்குத் தாங்கும் நைட்ரைல் ரப்பர், அதே மூன்று அளவு, இரட்டை உதடு என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பெரியவர் டிராயரைத் திறந்து, "கடலுக்கா, மில்லுக்கா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகவே அந்தக் கடைக்கு ஐந்து நட்சத்திரம்.

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. சீலின் உதட்டைத் தண்டோடு இறுக்கிப் பிடிப்பது அதற்குள் இருக்கும் மெல்லிய வளையச் சுருள்வில். சாதாரணச் சீலில் அது கார்பன் எஃகு. உப்புத் தண்ணீர் பட்டால் அது துருப்பிடித்து உடையும். ரப்பர் புதிதாகவே இருக்கும், பிடிமானம் இருக்காது. கடலுக்கு வேண்டியது துருப்பிடிக்காத எஃகில் செய்த சுருள்வில். என் மேசைக் காந்தத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். சாதாரண வில் ஓடி வந்து ஒட்டியது; மற்றது லேசாகத்தான் அசைந்தது. இணையத்தில் வாங்கிய கீழ்ப்பகுதி சீல் கிட்டின் வில்களோ எல்லாமே ஓடி வந்து ஒட்டின. அதற்கு ஒரு நட்சத்திரம்கூட அதிகம். பெரியவரிடம் வாங்கியவை அசல் விலையில் பாதிகூட இல்லை. இரண்டு பருவமாக எண்ணெய் தேன் நிறத்திலேயே வடிகிறது.

ஆனால் சீலை மட்டும் மாற்றினால் போதாது. பழைய சீலின் உதடு ஓடிய இடத்தில் தண்டைத் துடைத்துவிட்டு நகத்தால் தடவுங்கள். பள்ளம் இருந்தால் புதுச் சீலும் கசியும். பள்ளம் மெல்லியது என்றால் சீலை ஓரிரு மில்லிமீட்டர் முன்னே பின்னே உட்கார வைத்து, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்யலாம். ஆழமானது என்றால் தண்டின்மேல் போர்த்தும் மெல்லிய எஃகு உறை கிடைக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் தண்டே மாற்ற வேண்டும். சீல்களைப் பிடுங்கும் முன் எது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். பொருத்திய பிறகு எண்ணெய் ஊற்றும் முன் மேல் துளையில் கைப்பம்பால் காற்றடித்து, கீழ்ப்பகுதியைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துங்கள். ஒரு பார் அழுத்தத்துக்கு மேல் போக வேண்டாம், சீலே வெளியே வந்துவிடும். குமிழி வராவிட்டால் தொண்ணூறாம் எண் கியர் எண்ணெயைக் கீழ்த் துளையிலிருந்து மேலே ஏற்றுங்கள். மேல் துளையில் வழிந்ததும் முதலில் மேல் திருகை மூடி, பிறகு கீழ்த் திருகை மூடுங்கள். அந்தத் திருகுகளின் வாஷர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். அவை சில்லறைக் காசு. அதில் அசல் நகல் பார்க்கத் தேவையில்லை.

விசிறியில் நான் கஞ்சன். எஞ்சின் இரைகிறது, படகு நகரவில்லை என்றால் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் நழுவுகிறது. உறுதிப்படுத்த, உள் வளையத்திலிருந்து வெளி உடம்புக்குக் குறுக்கே ஒரு கோடு பெயின்ட் அடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பி வரும்போது கோடு உடைந்திருந்தால் சந்தேகமில்லை. எனக்குக் கோடு உடைந்தது. புஷ்ஷை மட்டும் மாற்றித் தரும் பட்டறை ஒன்று கேட்ட கூலியும் நகல் விசிறியின் விலையும் ஏறக்குறைய ஒன்று. நகலையே வாங்கினேன். விட்டமும் ஏற்றமும் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) அங்குலத்தில் அச்சிட்டிருக்கும். என்னுடையதில் 9¼ × 10. மேசையில் கவிழ்த்து வைத்து மூன்று இதழ்களின் உயரத்தையும் அளந்தேன், ஒன்றோடொன்று ஒத்திருந்தது. வார்ப்பில் பிசிறு இருந்தது, அரம் போட்டு எடுத்தேன். புளூ பேயைத் தாண்டிப் போகும் வழியில் என்றைக்காவது ஒரு பவளத்தில் இடித்துத்தான் ஆகும். இடிக்கப்போகிற பொருளுக்கு அசல் விலை எதற்கு? நான்கு நட்சத்திரம். பழைய விசிறியின் பின்னால் இருக்கும் வாஷரை எடுத்து, அதே முகம் அதே பக்கம் இருக்கும்படி புதியதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். நகல் பெட்டியில் அது வராது.

எரிபொருள் பக்கம் வந்தால் தீர்ப்பு மறுபடி மாறுகிறது. மைத்துனரின் புகார் இப்படி இருந்தது: முழு வேகத்தில் சில நிமிடம் ஓடும், பிறகு இருமி அணையும், எரிபொருள் குழாயில் இருக்கும் ரப்பர்க் கைப்பந்தை நாலு அழுத்து அழுத்தினால் மறுபடி ஓடும். இதைக் கேட்டதும் பலர் கார்புரேட்டர் கிட் வாங்க ஓடுவார்கள். கைப்பந்தைப் பாருங்கள். ஓடும்போது அது சப்பையாக உறிஞ்சிக்கொண்டால் டாங்கிப் பக்கம் அடைப்பு. பெரும்பாலும் டாங்கி மூடியின் காற்றுத் திருகைத் திறக்காததுதான், அதற்கு எந்தப் பாகமும் தேவையில்லை. சப்பையாகாமல் தளர்ந்து போய், அழுத்தினால் சரியாகிறது என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது எஞ்சினில் இருக்கும் எரிபொருள் பம்பின் சவ்வு கிழிந்திருக்கிறது. குழாயின் முனைக் கவ்வியில் உள்ள ஓ-வளையம் வெடித்துக் காற்று இழுப்பது மிகவும் சாதாரணம். எங்களுக்கு அதுவும் சவ்வும் சேர்ந்து போயிருந்தன.

நகல் கைப்பந்து குழாயோடு சேர்த்து மலிவாகக் கிடைக்கிறது. வாங்காதீர்கள். பந்தின் இரண்டு முனையிலும் ஒருவழி வால்வு இருக்கிறது; நான் வாங்கியதில் ஒன்று இரண்டு பக்கமும் விட்டது, வாயை வைத்து ஊதினாலே தெரிந்தது. சவ்வு அசல் வாங்குங்கள். பழையதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசித்துளைகள் தெரியும். கார்புரேட்டரின் கேஸ்கட்டுகளும் மூடி வளையங்களும் நகலாக இருந்தால் குற்றமில்லை. மிதவை ஊசி மட்டும் அசல் வேண்டும். அதன் கூம்பு முனையில் ஒரு வளையப் பள்ளம் விழுந்திருந்தால் பெட்ரோல் வழியும். பித்தளை ஜெட்டுக்குள் எஃகுக் கம்பி விட்டுக் குத்துபவர்களை எங்கள் தொழிற்சாலையில் கருவி அறைக்குள்ளேயே விடமாட்டோம். துளை ஓர் இழை பெரிதானாலும் கலவை கெட்டது. திரவம் தெளித்துக் காற்றடித்தால் போதும்.

மற்றவை சுருக்கமாக. ஸ்பார்க் பிளக் எங்களுக்கு என்ஜிகே பி7எச்எஸ்-10. கடைசிப் பத்து என்பது ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. நம்பகமான கடையில் மட்டும் வாங்குங்கள், இதற்கும் போலி உலவுகிறது. விலை மிகக் குறைவாக இருப்பதே அடையாளம். மோட்டாருக்குப் பதிலாகத் தான் கரையும் தியாக உலோகக் கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள், நகல் போதும். அதன்மேல் பெயின்ட் அடித்து அழகு பார்ப்பவர்களைக் கரையில் பார்க்கிறேன். பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது, அதற்குப் பதிலாக மோட்டாரின் அலுமினியம் கரையும். இழுகயிறு எந்தக் கப்பல்பொருள் கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். எண்ணெயில் மட்டும் மோட்டார் சைக்கிள் எண்ணெய் ஊற்றாமல் டிசி-டபிள்யூ3 என்ற குறியுள்ள அவுட்போர்டு எண்ணெயே வாங்குங்கள். தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு என்று சாம்பல் படியாமல் செய்தது அது.

இன்னும் ஒரு பாகம் பாக்கி இருக்கிறது: மோட்டாரைத் தாங்கியோடு பிணைக்கும் கீழ் ரப்பர் மவுண்ட். கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டினால் மோட்டார் தனியாக ஆடுகிறது. இதற்கு நகல் எதுவும் என் கைக்கு வரவில்லை, அசலைச் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை ஆக்டோபஸ் பிடிக்கத் தடை. அந்த இரண்டு மாதம் மைத்துனருக்குப் படகில் வேலை குறைவு. கப்பலில் வர வேண்டிய பாகம் என்றால் ஜூலையிலேயே சொல்லிவிடுங்கள். செப்டம்பர் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கவுன்டருக்கு வருவார்கள். அப்போது அலமாரியில் மிஞ்சியிருப்பது முழு கிட்கள்தான்.